இறங்கிய விமானத்தை விழுந்ததாக எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் விமான நிலையத் திட்டம் குறித்துத் தங்கள் நாளிதழின் தருமபுரி, கிருஷ்ணகிரி பதிப்பில் சென்ற ஞாயிறன்று வந்த செய்திக்குப் பக்கத்திலேயே, விமான விபத்துகளைத் தொகுத்து ஒரு பெட்டிச் செய்தியும் வந்திருந்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் உயிரிழந்தது, 2009 மார்ச் 6 அன்று பெங்களூருவை அடுத்த பிடதி அருகே உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட சரஸ் விமானம் சோதனைப் பறப்பின்போது விழுந்து விமானப்படையினர் மூவர் இறந்தது, 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து புறப்பட்ட செஸ்னா சிறிய விமானம் சில நிமிடங்களில் விழுந்து நடிகை சௌந்தர்யா உள்ளிட்ட நால்வர் மாண்டது, 2025 நவம்பரில் சேலத்தைச் சேர்ந்த பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்ட நெடுஞ்சாலையில் இறங்கியது ஆகிய நான்கும் அதில் ஒரே எழுத்தளவில், ஒரே தன்மையுடையவை போல வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. முதல் மூன்றும் துயரங்கள். நான்காவதில் ஒருவருக்கும் காயமில்லை. அதையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிறிய ரக விமானங்களின் பராமரிப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது மத்திகிரியில் வசிக்கிறேன். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் சுமார் 7,000 அடி நீள ஓடுதளம் இருப்பதும், இத்தாலிய வடிவமைப்பான ஆறு இருக்கை பி68 விமானம் 1990களிலேயே அங்கு உருவாக்கப்பட்டதும் ஓசூரை விட்டு வெளியே பலருக்குத் தெரியாது. சிறிய விமானம் இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் 2,000 ஏக்கரில் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையத்தை அறிவித்ததிலிருந்து, பயிற்சிப் பள்ளிகளைப் பற்றியும் விமானத் துறை வேலைகளைப் பற்றியும் இங்குள்ள வீடுகளில் பேசாத நாளில்லை. அந்தப் பேச்சோடு பயமும் சேர்ந்தே வளர்வதை நான் பார்க்கிறேன்.

இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல் கீழே விழுந்துவிடும் என்பதுதான் அந்தப் பயத்தின் அடி. படித்தவர்களும் அப்படியே நம்புகிறார்கள். உண்மையில், பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானம் இன்ஜின் முற்றிலும் நின்ற நிலையிலும் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் மிதந்து செல்லும். 3,000 அடியில் பறந்துகொண்டிருப்பவருக்கு நல்ல தரையைத் தேர்ந்தெடுக்க நான்கைந்து நிமிடமாவது கிடைக்கும். மாணவர் தனியாகப் பறக்க அனுமதி பெறுவதற்கு முன்பே, ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து இன்ஜின் விசையைத் திடீரென்று குறைத்து, "இப்போது எங்கே இறங்குவாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லை, வறண்ட ஏரி, மின்கம்பிகள் குறுக்கிடாத சாலை என்று மாணவரின் கண் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கப் பழக்குவார்கள்.

விமானத்தின் வடிவமைப்பிலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஒற்றை இன்ஜின் கொண்ட சிறிய விமானம் 61 நாட், அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் வேகம் வரை குறைந்தாலும் பறக்கும் தன்மையை இழக்கக் கூடாது என்று அமெரிக்கத் தரவிதிகள் நெடுங்காலம் வற்புறுத்தின. உலகின் பெரும்பாலான சிறிய விமானங்கள் அந்த அளவுக்குள் அமைந்தவையே. வேகம் பாதியானால் மோதலின் விசை கால் பங்காகக் குறையும். மெதுவாகத் தரையைத் தொட முடிந்தால் உள்ளே இருப்பவர் நடந்து வெளியே வரலாம் என்பதே அந்த விதியின் உட்கருத்து. ஆகவே நெடுஞ்சாலையில் பத்திரமாக இறங்கியதைப் பயிற்சியும் வடிவமைப்பும் தம் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளமாகத்தான் நான் பார்க்கிறேன். விமானம் ஏன் அப்படி இறங்க நேர்ந்தது என்ற கேள்வி தனி. அதைக் கடுமையாகவே கேட்க வேண்டும்.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலச் செய்தியில் விமானம் 'ஸ்டால்' ஆனது என்று வந்தால் நம் பத்திரிகைகள் இன்ஜின் நின்றுவிட்டது என்று மொழிபெயர்த்து விடுகின்றன. கார் ஓட்டுபவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான். விமானத்தில் அது இறக்கையைப் பற்றிய சொல். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கும்போது இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து, தாங்கும் சக்தி குலைந்துபோவதையே அது குறிக்கும். இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதுகூட இது நேரலாம். ஒன்று இயந்திரக் கோளாறு, மற்றொன்று பெரும்பாலும் கையாளும் முறையில் நேரும் தவறு. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாறியதால், விமானியின் பயிற்சியைப் பற்றி எழ வேண்டிய கேள்வி பராமரிப்பின் மேல் விழுகிறது.

இப்படிச் சொல்வதால் சிறிய விமானங்களில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இவ்வகை விமானங்கள் 1 லட்சம் மணி நேரம் பறந்தால் ஏறத்தாழ ஒரு முறை உயிரிழப்பு விபத்து நேர்கிறது. பயணிகள் விமான நிறுவனங்களின் கணக்கோ இதைவிடப் பல மடங்கு குறைவு. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைக் காட்டி, சாலையைவிட வானம் பாதுகாப்பானது என்று துறையினர் சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் கோடிக்கணக்கானோர் செல்லும் சாலையையும் சில ஆயிரம் பேர் ஏறும் சிறிய விமானத்தையும் இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது நேர்மையன்று. பயணிகள் விமானத்தைவிட இதில் ஆபத்து அதிகம் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று சொல்வதே நேர்மை.

அது வரும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் கணக்குப்படி, எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் மட்டும் அந்நாட்டில் ஆண்டுக்கு 50க்கு மேற்பட்ட சிறிய விமான விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. என் வேலையில் ஒவ்வொரு நாளும் இதில்தான் தொடங்கியது. விடியற்காலையில், இறக்கையின் அடியில் உள்ள சிறிய வால்வைக் கண்ணாடிக் குவளையின் முனையால் அழுத்தி, தொட்டியின் அடியில் தேங்கியதைக் கொஞ்சம் பிடிப்போம். இரவுக் குளிரில் தொட்டிக்குள் நீர் படிந்திருந்தால், அது பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், குவளையின் அடியில் முத்துப்போல் உருண்டு நிற்கும். விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். அதனால் குவளையை வானத்தை நோக்கிப் பிடிக்கக் கூடாது, வெள்ளை இறக்கைக்கு நேராகப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். குவளை முழுவதும் நீராகவே இருந்தால் உருண்டு நிற்க எதுவும் இராது, வானத்தின் நீலம் அதில் தெரிந்து ஏமாற்றிவிடும் என்பதால் முகர்ந்தும் பார்ப்போம். இரண்டு நிமிட வேலை. அதை அவசரத்தில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பள்ளியின் தரம்.

அடுத்தது வானிலை. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்க மட்டுமே பயின்றவர் மேகத்துக்குள் புகுந்தால், உள்காதின் சமநிலை உணர்வு பொய் சொல்லத் தொடங்கும். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் பறப்பதாகத் தோன்றும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 20 பேரை வெளியே பார்க்க முடியாத நிலையில் பறக்கவிட்டுச் சோதித்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 வினாடிகளே ஆயின. மூன்று நிமிடம்கூட இல்லை. மழைக்காலத்தில் மேலகிரி மலைப் பக்கம் மேகம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதை அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புறப்பட்ட உடனே இன்ஜின் நின்றால் எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்காமல் ஓடுதளத்துக்கே திரும்ப முயல்வது, அதிக எடை ஏற்றுவது ஆகியவையும் உயிர் வாங்குகின்றன.

பயமுறுத்தும் செய்தியால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். இரண்டைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். காவேரிப்பட்டினத்தில் என் உறவினர் மகளுக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து, முன்பணமும் கட்டியாயிற்று. தாங்கள் வெளியிட்ட அந்தப் பெட்டிச் செய்தியை அவளுடைய பாட்டி வெட்டியெடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, "மாமா, நீங்களே சொல்லுங்க, நாலுல ஒண்ணு நம்ம சேலத்து விமானமாமே" என்று அவளுடைய அம்மா என்னிடம் அழும் அளவுக்கு வீட்டைக் கலக்கிவிட்டார். அந்த நான்காவதில் யாரும் இறக்கவில்லை என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. பத்திரிகையில் அப்படிப் போடவில்லையே என்றார்கள்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாணவர் ஒருவர் விமானத்தைக் கடினமாக இறக்கிவிட்டதைத் தாமே வந்து சொன்னார். அது எப்படியோ வெளியே கசிந்து, 'மயிரிழையில் தப்பிய விமானம்' என்று செய்தியாகி, நிர்வாகம் அவரைப் பல வாரங்கள் பறக்கவிடவில்லை. அடுத்த சில மாதங்களில் யாரும் எதையும் சொல்ல வரவில்லை. வழக்கமான ஆய்வின்போது, இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புத் தகட்டின் கீழ்ப்பகுதியில் விரலை ஓட்டிப் பார்த்தபோது, சலவைத் துணியின் மடிப்புப்போல் ஒரு சுருக்கம் தட்டுப்பட்டது. மூக்குச் சக்கரம் முதலில் தரையில் அடிக்கும்படி யாரோ இறக்கியிருக்கிறார்கள். சொல்லப் பயந்து அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு எத்தனை பேர் அந்த விமானத்தில் பறந்தார்களோ என்று எண்ணி அன்றிரவு நான் தூங்கவில்லை. தவறைச் சொல்பவரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே, அமெரிக்காவில் 1976 முதல் நாசா அமைப்பின் பொறுப்பில் பெயர் வெளியிடாத புகார் முறை ஒன்று நடந்துவருகிறது. நம் செய்திகள் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துவிடக் கூடாது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். விமானி தாமே இடம் தேர்ந்து இறக்கினால் 'கட்டாயத் தரையிறக்கம்' என்று எழுதுங்கள். 'விழுந்தது', 'நொறுங்கியது' ஆகிய சொற்களை அவை நடந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பெட்டி தேடப்படுவதாக எழுதும் முன், அந்த விமானத்தில் அது இருந்ததா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். பழைய பயிற்சி விமானங்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. ஓசூர் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும் தாங்கள் எழுப்பலாம். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையையும் இறைச்சிக் கழிவையும் கொட்டக் கூடாது என்பது விதி. நம் ஏரிக்கரைகள் இன்று இருக்கும் நிலையைப் படமெடுத்துப் போட்டாலே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியம், செய்தியை முதல் நாளோடு விட்டுவிடாதிருப்பது. மத்திய அரசின் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012 முதல் இயங்குகிறது. அதன் இறுதி அறிக்கைகள் இணையத்தில் யாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. குற்றம் சுமத்துவது அன்று, மறுபடி நேராமல் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம் என்று சர்வதேச விதி கூறுகிறது. அந்த அறிக்கைகள் வரும்போது நம் நாளிதழ்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. விபத்து முதல் பக்கத்தில் வருகிறது, காரணம் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. புதுக்கோட்டையில் இறங்கிய விமானத்துக்கு என்ன ஆயிற்று என்பது அதிகாரப்பூர்வமாகத் தெரியவரும் நாளில், அந்தப் பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிடுங்கள். நான் அதை வெட்டியெடுத்துக் காவேரிப்பட்டினத்துக்குக் கொண்டுபோய், சாமி படத்துக்குக் கீழே இருப்பதன் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
மத்திகிரி, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.