வளைவு வேண்டாம், ஒரு பால் தொட்டி கொடுங்கள்

பட்டண மேம்பாட்டுக் கூட்டங்களில் உட்காரும் ஒய்.பி.க்களுக்கும் (மக்கள் பிரதிநிதிகளுக்கும்) அதிகாரிகளுக்கும் கமிட்டித் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அப்பா அதே தோட்டத்து ஸ்டோரில், பாலை ஷீட்டாக்கும் கூடத்தில், ரப்பர் ஷீட் உருட்டியவர். அரசியல் எனக்கு ஒத்துவராது, கட்சி அட்டையும் கிடையாது. உங்கள் கடைசிக் கூட்டத்தில் என்னென்ன பேசினீர்கள் என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார்: ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு, பழைய கடைச் சுவர்களில் ஓவியம், அப்புறம் வெளியிலிருந்து யாராவது பெரிய முதலாளி வந்து ஒரு தொழிற்சாலை போடுவார் என்ற நம்பிக்கை. கேட்டுக்கொண்டே செயின் மாட்டிக்கொண்டிருந்தேன், கோபம்கூட வரவில்லை. இருபது வருஷமாக வார்த்தை மாறாமல் இதையேதான் கேட்டு வருகிறேன்.

எங்கள் ஊர் ஏன் இப்படி ஆனது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும் பஸ்ஸும் லாரியும் எங்கள் கடைத்தெருவைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் ரொட்டி சானாய் தட்டும் சத்தம் கேட்கும். தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது, துணிக்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். 1985இல் ஈயத்தின் விலை விழுந்ததும் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. ரப்பர் அப்படி ஒரே நாளில் விழவில்லை, அது மெதுவாகச் செத்தது. மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், வேண்டிய ஆளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் காலியாகி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை காலியாகி, கடைசியில் கோயில் மட்டும் நின்றது. லயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) மாடியும் இல்லாத தோட்டமும் இல்லாத சின்ன வீடுகளில் அடங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

சரி, பழங்கதை போதும். இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் காலையில் என் பட்டறை வாசலில் வந்து உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் கட்டிப்பால் (உறைந்து கட்டியான ரப்பர் பால்) ஏற்றிய லாரி போகும், அதன் நாற்றம் லாரி போய்ப் பத்து நிமிஷம் கழித்தும் தெருவில் நிற்கும். அப்புறம் சாய்த்த ரப்பர் மரத்துண்டுகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வந்தீர்களானால் பையும் தலையணையுமாக எங்கள் பிள்ளைகள் பினாங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறுவதைப் பார்க்கலாம். ஊரில் விளைகிற எல்லாமே விளைந்த மேனிக்கு வண்டி ஏறிப் போய்விடுகிறது. இங்கே எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரிவது பால்தான். 1877இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரத்தை நம் மாவட்டத் தலைநகர் கோலகங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். 1980கள் வரை உலகத்திலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு நம்முடையது. ரப்பர் கையுறை செய்வதில் இன்றைக்கும் உலகச் சந்தையில் முன்னால் நிற்பவர்கள் நாம்தான். ஆனால் அந்தக் கையுறைக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து எல்லை தாண்டி வருகிறது. ஏன்? கையுறைக்குத் திரவப் பால் வேண்டும். நம் சிறு தோட்டக்காரர்கள் கட்டிப்பால் எடுக்கிறார்கள்.

அதற்கு அவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) இறங்கிய பாலை அப்படியே விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக உறைந்துவிடும். திரவமாக வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா கலக்க வேண்டும், காலையிலேயே சேர்த்து எடுத்து மதியத்துக்குள் யாரிடமாவது கொண்டுபோய் ஊற்ற வேண்டும், ஊற்றுகிற இடத்தில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துக் காசு கொடுக்க வேண்டும். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணீர். ஆகவே சோதனை நேர்மையாக இல்லாவிட்டால் ஒருவரும் திரும்ப வர மாட்டார்கள். எங்களுக்குத் தோதான தூரத்தில் அப்படி ஊற்ற ஒரு தொட்டி இல்லை. அதனால் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் மலாய்க்காரப் பாக் சிக்கும் (பெரியவரும்), கம்போங் பாரு சீனப் பெரியவரும், லாசா பக்கத்து ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பமும், மிஞ்சியிருக்கும் எங்கள் ஆட்கள் ஒன்றிரண்டு பேரும் மங்கிலேயே உறையவிட்டு, சாக்கில் கட்டி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை வியாபாரி சொன்ன விலைக்குப் போடுகிறார்கள். ஈரம் அதிகம் என்று கழிப்பார், மண் ஒட்டியிருக்கிறது என்று கழிப்பார், ஒன்றும் கிடைக்காவிட்டால் சாக்கின் எடைக்கென்று கழிப்பார்.

நான் கேட்பது ஒரு பால் சேகரிப்பு நிலையம். பெரிய ஆலை வேண்டாம். கூரை, தண்ணீர், அமோனியா தொட்டி, சோதிக்க ஒரு சின்ன மேசை, எடையைப் பலகையில் எழுதிப்போடும் ஒருவர், இவ்வளவுதான். பழைய தோட்டத்து ஸ்டோர் ஒன்று தகரம் பெயர்ந்து காட்டுக்கொடி மூடிக் கிடக்கிறது, தரையும் தொட்டிகளும் இன்னும் உறுதியாகத்தான் இருக்கின்றன. அப்பா வேலை செய்த இடம் என்பதால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உருளை இயந்திரத்தின் பல் இரண்டு உடைந்திருக்கிறது, மற்றபடி எண்ணெய் போட்டால் சுற்றும்.

மாமியார் வீட்டுக்குச் சீர் கேட்டுப் போனவன் மாதிரி இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். முதல் முகப்பில் இது விவசாயம் என்றார்கள். இரண்டாவது முகப்பில் இது தொழில் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த தம்பி மரியாதையாகவே பேசினார், பெரிய முதலீட்டாளர் யாராவது இருக்கிறாரா அங்கிள் என்று கேட்டார். இருபது சிறு தோட்டக்காரர்களின் கையெழுத்து இருக்கிறது என்றேன். அதற்குப் பாரம் (விண்ணப்பப் படிவம்) இல்லையாம்.

பாரம் இல்லை என்று இந்த ஊர்க்காரனிடம் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பல் ஏறியபோது, நம் சனங்கள் லயத்தையும் வேலையையும் சேர்த்து இழந்து ரோட்டில் நின்றார்கள். அப்போது 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். அவர் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், எங்கள் மகாத்மா காந்தி கலாசாலைக்குப் பின்னாலும் அவர் கை இருக்கிறது. வருஷா வருஷம் அவர் படத்துக்கு மாலை போடுகிறீர்கள், பேசுகிறீர்கள், மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கிறீர்கள். அவர் செய்த காரியத்தை இருபது பேர் சின்ன அளவில் செய்ய வந்தால் முதலீட்டாளர் எங்கே என்று கேட்கிறோம். பாட்டிமார் கைலியில் முடிந்து வைத்திருந்த காசுதான் அன்றைக்கு முதலீடு.

அடுத்தது மரம். (எங்கள் ஊரில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது. நான் சொல்வது சாய்க்கிற மரம்.) இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிட வேண்டும். ஒரு காலத்தில் அது வெறும் விறகு, ஸ்டோரில் ஷீட்டைப் புகைபோடவும் செங்கல் சூளைக்கும் போகும். இப்போது மலேசியா ஏற்றுமதி செய்யும் மேசை நாற்காலி போன்ற மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தில் செய்ததுதான், ஜொகூரில் மூவார் பட்டணம் அதை வைத்தே பிழைக்கிறது. ரப்பர் மரத்தில் ஒரே தொல்லை, அறுத்தவுடனே மருந்து ஏற்றிக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாரித்துவிடும், வண்டும் துளைத்துவிடும். அறுக்கிற இடம் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? பள்ளிக்கூட மேசை நாற்காலி, கோயில் மண்டபத்து நாற்காலி, தாமான் வீட்டுச் சமையலறை அலமாரி எல்லாவற்றையும் வெளியூரிலிருந்துதான் வாங்குகிறோம். எங்கள் மரம் எங்களைத் தாண்டிப் போய் நாற்காலியாகித் திரும்பி வருகிறது, நடுவில் உள்ள கூலியெல்லாம் வேறு யாருக்கோ.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அக்கா மகன் வெல்டிங் படித்துச் சான்றிதழ் வாங்கியவன், சிங்கப்பூரில் பங்க் கட்டிலில் தூங்குகிறான். தீபாவளிக்கு வந்தபோது அந்த உடைந்த உருளையைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாள் வேலை மாமா, ஆனா சரிபண்ணி யாருக்கு ஓட்டுறது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற இருவர் தினமும் காலையில் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள், கணக்கு எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதுவார்கள். என் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. போன வருஷம் பக்கத்துத் தாமான் பையன்கள் இருவர் மரம் வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் உளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பட்டையை எவ்வளவு சீவுவது என்று வாயால் சொல்லவில்லை, ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார், அந்தப் பக்கம் விரல் தெரிந்தது. "பட்டையோட நில்லு, கட்டையத் தொட்டா மரம் அழும்" என்றார். அன்றைக்கு அந்தப் பையன்கள் ஆறு மரத்தைக் காயப்படுத்தினார்கள். நாலாவது வாரம் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கூலி என்று ஒன்று உங்கள் எந்தத் திட்டத்திலாவது இருக்கிறதா?

ஈப்போவைப் பார்க்கவில்லையா, சுவர் ஓவியத்தாலும் காப்பிக் கடையாலும் பழைய பட்டணம் எழுந்து நிற்கவில்லையா என்பீர்கள். பார்த்தேன், நானும் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். அது பெரிய ஊர், அங்கே ஈயக் காசில் எழுந்த மாளிகைகள் இருக்கின்றன, பார்க்க வருகிறார்கள். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்ட இடம் எது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் வந்த அவசரகாலம் தொடங்கிய இடம் எது என்று கேட்டு வரும் நாலு சரித்திர ஆசிரியர்கள்தான். அவர்களுக்கு ஒரு நல்ல பலகை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காப்பிக் கடையில் தட்டு கழுவுகிற வேலைக்கு என் அக்கா மகன் சிங்கப்பூரை விட்டு வர மாட்டான்.

கேட்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வளைவுக்கு ஒதுக்கிய காசில் அந்தப் பழைய ஸ்டோரைக் குத்தகைக்கு எடுத்துக் கூரை போட்டுக் கொடுங்கள். ரப்பர் வாரியத்திலிருந்து சோதனை தெரிந்த ஒருவரை ஆறு மாதத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எல்லா இனத்து ஆட்களும் உள்ள ஒரு கூட்டுறவுக்குப் பதிவு வாங்கித் தாருங்கள், அந்தப் பாரம் இல்லாத பிரச்சினை அதோடு தீரும். பக்கத்தில் நாலு மரவேலை இயந்திரம் வைக்க இடம் விடுங்கள், முதல் வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய மேசை நாற்காலி அங்கிருந்து வாங்கப்படும் என்று எழுத்தில் கொடுங்கள். நஷ்டம் வராது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை, ரப்பர் விலை எங்கள் பேச்சைக் கேட்காது. மழை மாதங்களில் பால் குறையும், பையன்களில் சிலர் பாதியில் ஓடிப்போவார்கள். ஆனால் வளைவு முதல் நாளிலிருந்தே ஒரு காசும் சம்பாதிக்கப் போவதில்லை, அதற்கு யாரும் லாபக் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கூட்டங்களைக் காலை பத்து மணிக்கு வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் மரம் வெட்டுகிறவர்கள் நெரையில் (மர வரிசையில்) பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள், வாளியை வைத்துவிட்டு வர முடியாது. அடுத்த கூட்டத்தைச் சாயந்தரம் நாலு மணிக்கு வையுங்கள். அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், உளியோடுதான் வருவார், காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.