வாலிபருக்கு வாக்குரிமை கொடுங்கள்: சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரகுருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் பெருமன்றத்தில் நம் சேகரத்துக்காக இருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

நம் சேகரத்துச் சபைகளின் காரியங்களை முடிவுசெய்கிற கமிட்டியின் போன கூட்டத்தில் நடந்ததை முழுக்கத் திரும்ப எழுதவில்லை. நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். வாலிபர் சங்கச் செயலாளர், பூட்டிக் கிடக்கும் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை மாலை நேரப் படிப்புக்குத் திறந்துவிடக் கேட்டு மனு கொண்டுவந்தாள். எந்தக் கிழமை யார் எந்தப் பாடம் எடுப்பது, கரண்ட் பில்லை யார் கட்டுவது, படிப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகளை யார் வீடுவரை கொண்டுபோய் விடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. பாதி வாசிப்பதற்குள், "இதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க பண்டிகைக்குப் பாட்டு பழகுங்கம்மா" என்றார் ஒரு பெரியவர். சிலர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மினிட்ஸில் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி ஏறியது. அவ்வளவுதான்.

நம் சேகரத்தில் நெடுங்காலமாக, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட இரண்டு பேருக்காவது சேகர கமிட்டியில் வாக்குள்ள இடம் கொடுங்கள். ஆணொருவர், பெண்ணொருவர். வாக்கில்லாத சிறப்பு அழைப்பாளராக உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பும் இடத்தைக் கேட்கவில்லை. கை தூக்கினால் எண்ணப்படும் இடத்தைக் கேட்கிறேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் நின்றுபோனதிலிருந்து அதற்குள் பந்தல்காரரின் சாமான்கள் கிடக்கின்றன. சவுக்குக் கம்பு, தகரம், சுருட்டிய சாமியானா துணி. அதற்கு வாடகை வருகிறதா, வந்தால் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பது தனி விஷயம், இப்போது வேண்டாம். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு நாள் சாயங்காலம் வந்து பாருங்கள் ஐயா. கோயில் தாழ்வாரத்தின் வடபக்கத்தில், ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. பல பேருடைய வீடு ஒரே அறைதான். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பாள், பக்கத்திலேயே டிவி ஓடும், புகையிலைத் தூள் புத்தகத்தில் விழும். அதனால்தான் கோயிலுக்கு வருகிறார்கள். எட்டு மணியானால் காவல்காரர் வந்து மெயின் சுவிட்சை அணைக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, கமிட்டி சொன்னதைச் செய்கிறார். மழை சாய்ந்து அடிக்கிற நாளில் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறார்கள். பத்தடி தூரத்தில் நான்கு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

இதை முதலில் பார்த்து, வெட்கப்பட்டு, ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுந்தது நம் வாலிபர்கள்தான். நாம் யாரும் அவர்களைத் தூண்டவில்லை. ஒரு நர்சும், ஒரு பி.எட். படித்தவனும், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற ஒரு தம்பியும் தாங்களாகவே சேர்ந்து போட்ட திட்டம் அது. தலைமை என்பது வேறு எப்படித் தொடங்கும்? அதைத்தான் பாட்டு பழகப் போகச் சொல்லிவிட்டோம்.

இதே பிள்ளைகள்தான் அசனப் பண்டிகையை நடத்துகிறார்கள். முந்தின ராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பதும், அண்டாவில் தண்ணீர் நிரப்புவதும், வேகாத வெயிலில் பந்தி பந்தியாகப் பரிமாறுவதும், கடைசியில் இலை எடுத்துப் போடுவதும் அவர்கள். ஊரே சாப்பிட்டுப் போகிறது, ஒரு சண்டை வந்ததில்லை, ஒருவருக்கும் சோறு இல்லை என்று ஆனதில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை முடிக்கிறவர்களிடம் ஒரு சாவியைக் கொடுக்க நமக்குப் பயம். அசனத்துக்குக் கூடும் ஆலோசனைக் கூட்டத்தில் அவர்களில் ஒருவர்கூடப் பேசி நான் கேட்டதில்லை. வேலை சொல்லும்போதுதான் பெயர் கூப்பிடப்படுகிறது.

வாலிபர் ஞாயிறு வந்தால் பிளெக்ஸ் பேனரில் 1 தீமோத்தேயு 4:12 அச்சடிக்கிறோம்: "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு..." அன்றைக்கு ஆராதனை நடத்துவதும் பாடம் வாசிப்பதும் காணிக்கை எடுப்பதும் அவர்கள். மறு ஞாயிறு எல்லாம் பழையபடி. வருஷத்தில் ஒரு நாள் தலைவர்களாக இருந்துவிட்டு மற்ற நாளெல்லாம் பின்னால் நிற்கச் சொன்னால், எதை உண்மை என்று நம்புவார்கள்? திருவிருந்தில் சேருவதற்கு முன் நடத்தும் திடப்படுத்தல் வகுப்பிலும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து "ஏன்?" என்று கேட்டால் அடங்காத பிள்ளை என்று பெயர் வைக்கிறோம்.

இப்படி வளர்ந்த பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போனதும் என்ன ஆகிறது? மற்றவர்கள் சொன்னதைக் கேட்டே பழகியது, அங்கேயும் யாராவது சொல்வதைக் கேட்கும். கூட்டாளிகள் குடித்தால் குடிக்கும். யூடியூபில் ஒருவர் தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொன்னால் அதையும் நம்பிக் காணிக்கை அனுப்பும். கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவனுக்குத் தன் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நிற்கிற தைரியம் வேண்டும். தானியேல் பாபிலோனில் அப்படித்தான் நின்றான். அந்தத் தைரியம் ஒரே நாளில் வந்துவிடாது. சொந்த சபையில் ஒரு காரியத்தைத் தானே முடிவுசெய்து, தானே பதில் சொல்லி, தவறினால் தானே திருத்திப் பழக வேண்டும்.

திருமண்டலத் தேர்தல் வந்தால் மட்டும் வாலிபர்கள் எல்லோருக்கும் வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். இரண்டு அணியும் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுக்கிறது. போஸ்டர் ஒட்டவும், கோஷம் போடவும், எதிரணிக்காரர் வீட்டுக்கு முன்னால் கூட்டம் காட்டவும் அவர்கள். வழக்கு என்று வந்தால் கோர்ட்டுக்கு அலைவதும் அவர்கள்தான். பதவி பெரியவர்களுக்கு. 2022-ல் பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்க நம் தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் திருத்தம் கொண்டுவந்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கிற வயதை நீட்டுவதற்கு இவ்வளவு பாடுபடுகிற திருச்சபை, கீழே இருபத்தைந்து வயதுக்காரனுக்கு ஒரு நாற்காலி போட ஏன் இவ்வளவு யோசிக்கிறது? என் கோபம் நம் கமிட்டியைத் தாண்டிப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது நம் சேகரத்துக்கான இரண்டு இடம்.

நம் மண்ணில் இது புதிதும் அல்ல. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நாம் எல்லோரும் பிரசங்கத்தில் மேற்கோள் காட்டுகிறோம். வாலிப வயதிலேயே ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியத்துக்குள் போனவர் அவர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானபோது அதை முன்னின்று தொடங்கிய அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. நம் ஊர்க் காணிக்கையில், நம் ஊர் ஆட்களைக் கொண்டு, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்ததிலும் அவர் பங்கு பெரியது. 1912-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றபோது வயது 38. அன்றைக்கு இருந்த பெரியவர்கள் இவர் இளம்பிள்ளை, பாட்டு பழகட்டும் என்று விட்டிருந்தால் தோர்ணக்கல் திருமண்டலத்தின் கதை என்னவாகியிருக்கும்?

வாலிபருக்குப் பொறுப்புக் கொடுப்பதைப் பற்றிப் பேசினாலே வேதாகமத்தில் சாலொமோனின் மகன் ரெகொபெயாமைச் சொல்வீர்கள். முதியோர் ஆலோசனையைத் தள்ளி வாலிபர் பேச்சைக் கேட்டான், ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது என்பீர்கள். 1 இராஜாக்கள் 12-ஐ வாசித்துவிட்டு 14-ஆம் அதிகாரம் 21-ஆம் வசனத்தையும் தயவுசெய்து வாசியுங்கள். ராஜாவாகிறபோது ரெகொபெயாமுக்கு நாற்பத்தொரு வயது. அவனுக்கு ஆலோசனை சொன்னவர்கள் "தன்னோடே வளர்ந்த" வாலிபர், ஆக அவர்களும் ஏறக்குறைய அந்த வயதுக்காரர்கள். அரண்மனையிலேயே வளர்ந்து, ஜனங்களின் நுகம் எவ்வளவு கனம் என்று தெரியாமல், ராஜாவுக்குப் பிடித்ததைப் பேசிப் பழகியவர்கள். அவர்களைக் கெடுத்தது அதுதான். நம் பிள்ளைகளோ அந்தத் தாழ்வாரத்தில் சாக்கில் உட்கார்ந்து படித்து வந்தவர்கள். நுகத்தின் பாரம் அவர்களுக்குத் தெரியும்.

"எப்படியும் படித்து முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விடுவார்கள், இவர்களிடம் கொடுத்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போகத்தான் செய்வார்கள், வேலை அங்கே இருக்கிறது. போகிற இடத்துச் சபையில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவதா, அங்கே நாலு பேரை நடத்துவதா என்பது நாம் இங்கே கொடுக்கிற பயிற்சியில் இருக்கிறது. ஊரிலேயே இருக்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் இப்போது பைபாஸ் பக்கத்து ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். அங்கே உபதேசம் பிடித்ததா என்று ஒருவனிடம் கேட்டேன். "அங்க என்கிட்ட ஒரு பொறுப்பு குடுத்திருக்காங்க டீச்சர்" என்றான். அதற்குமேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

தவறு செய்வார்கள் என்றால், செய்யட்டும். கணக்குப் புத்தகம் இருக்கிறது, குருவானவர் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து திருத்துங்கள். மோசே தனக்குப்பின் நடத்த வேண்டிய யோசுவாவைக் கூடவே வைத்துப் பழக்கிவிட்டு, சபையார் எல்லோருக்கும் முன்பாக அவன்மேல் கைகளை வைத்தான். உங்கள் அனுபவம் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. ஆகவே உங்களை எழுந்து போகச் சொல்லவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லுகிறேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்க்கும்படி குருவானவர் ஐயா அவர்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, வாலிபர் இருவருக்குக் கமிட்டியில் வாக்குள்ள இடம். திருமண்டலச் சட்டத்தில் திருத்தம் வேண்டுமென்றால் நம் பெருமன்ற உறுப்பினர்கள் அதைத் தீர்மானமாகக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, அந்தப் பிள்ளை கொண்டுவந்த மனுவை முழுவதும் வாசித்து, ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில். அந்தப் பதிலை ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் சபைக்கு வாசிக்க வேண்டும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் முடிவு தெரிந்தால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சேகரத்து ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை