அலை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் விடுமுறையைக் கழிக்க ஏற்ற இடங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, கல்கிசைக் கடற்கரை என எதையும் விடவில்லை. இறால் வடை எங்கே சூடாகக் கிடைக்கும் என்பதுகூட இருந்தது. கடலைப் பற்றி மட்டும் 'குளித்து மகிழலாம்' என்று இரண்டே சொற்கள். அவற்றைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளவத்தையில், கடலின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் வசிக்கிறேன். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை இங்கே சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலம். கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் கடல் குளம்போலக் கிடக்கும் அதே நாட்களில் நம் மேற்குக் கரை கொந்தளிக்கும். பாடசாலைகளின் ஆகஸ்ட் விடுமுறை வழக்கமாக இதற்குள்தான் வருகிறது. மலையகத்திலிருந்து இரவு பஸ் பிடித்து வரும் குடும்பங்களைக் காலையில் கரையெங்கும் காணலாம். அவர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கடல்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் நகருக்குத் தெற்கே ஒரு கரையில் பேரப்பிள்ளைகளுடன் நின்றிருந்தேன். மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அருகில் இருந்தது. தாய் சேலைத் தலைப்பின் நுனியைச் சின்ன மகளின் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தார். தகப்பனோ பத்து வயது மகனை நுரை பொங்கும் இடத்திலிருந்து விலக்கி, சற்றுத் தள்ளி, தண்ணீர் கறுத்து அமைதியாகத் தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போனார். உயிர்காப்பாளர் ஒருவர் விசில் ஊதியபடி ஓடிவந்து சிங்களத்தில் கத்தினார். தகப்பனுக்கு அது புரியவில்லை, சிரித்துக்கொண்டே கையசைத்தார். பையனுக்கு இடுப்பளவு தண்ணீர். "தம்பி, பிள்ளையை வெளியே இழுங்கள்!" என்று நான் தமிழில் கத்திய பிறகுதான் அவர் முகம் மாறியது. கரைக்கு வந்ததும் அவர் கேட்டார்: "இந்த இடத்தில்தானே அம்மா அலையே இல்லை?"

அந்தத் தகப்பன் அசட்டையாக இருக்கவில்லை. பிள்ளையின் பாதுகாப்பை நினைத்தே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அலைகள் கரைக்குத் தள்ளும் நீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அதன் வழியே ஆறுபோல் கடலுக்குள் பாயும். ஆழம் கூடிய இடம் என்பதால் அங்கே அலை உடைவது குறைவு. பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த இடம்தான் ஆளை இழுக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் வாய்களையும் தவிர்க்க வேண்டும். அங்கே இழுவையோடு அழுக்குநீரும் சேர்கிறது.

அன்று அந்தக் கரையில் எச்சரிக்கைப் பலகை இல்லாமல் இல்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. படிவங்களில் தமிழ் இல்லாதபோது அலைச்சலோடு போய்விடுகிறது. கடற்கரைப் பலகையில் இல்லாவிட்டால் ஒரு பிள்ளை போய்விடும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது, சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டுக்கும் இடையில்தான் குளிக்க வேண்டும் என்பதைப் படத்தோடு தமிழில் எழுதி வைக்க எத்தனை செலவாகும்?

ரயில் பாதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கரைகளுக்குத் தண்டவாளத்தைக் கடந்தே போக வேண்டும். அங்கே இரு தடங்கள் உள்ளன. ஒரு ரயில் போனதும் பாதை வெறுமையாகிவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்து வைக்கக் கூடாது. அலை இரைச்சலில் எதிர்ப்பக்கம் வரும் ரயிலின் சத்தம் கேட்காது.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் கட்டி முடித்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அதில் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக என்று அன்றே கல்லில் எழுதிய ஊர் இது. இன்று நான் கேட்பது ஒரு தகரப் பலகையில் நான்கு வரிகள்.

பலகை வரும் வரை தங்கள் பத்திரிகை ஓர் உதவி செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு இவற்றை வெளியிடுங்கள்: தண்ணீர் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், மிதந்தபடி கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். ஒருவர் தத்தளித்தால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, பந்து, மூடிய வெற்றுப் போத்தல் எது கிடைத்தாலும் எறியுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. எழுத்து பெரிதாக இருக்கட்டும். பஸ்ஸில் வரும் ஒருவர் வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6