மாடியில் சூரிய மின்தகடு: மானியம் கேட்டவர்களுக்கு

நம் தெரு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மானியம் பற்றிப் பலர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் கிடைக்கிறது. உச்சவரம்பு 78,000 ரூபாய். ஐந்து கிலோவாட் அமைத்தாலும் அதே தொகைதான். ஆகவே விற்பவர் சொல்கிறார் என்று பெரிதாக அமைக்காதீர்கள்; கடந்த ஓராண்டு மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத நூறு சதுர அடி தேவை.

மானியம் முன்பணமாக வராது. தகடு அமைத்து, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரைக்கும் பணத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மின் இணைப்பு மறைந்த அப்பாவின் பெயரிலேயே இருந்தது. அதை மாற்றாமல் வேலையைத் தொடங்கி மூன்று மாதம் அலைந்தேன். தயவுசெய்து பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

உள்நாட்டில் தயாரான தகடுகளுக்கு மட்டுமே மானியம் உண்டு. விலைப்புள்ளியில் அதை எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தகடுகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்புள்ளி வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்குங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் மாடிக்கு வாருங்கள், நேரில் காட்டுகிறேன். மின் கட்டண அட்டையையும் கொண்டுவாருங்கள்.