ஃபார்மட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

உன் போர்ட்டபிள் ஹார்ட் டிரைவில் ஃபைல்கள் தெரியவில்லை என்றாயே, இதைப் படிக்கும்போது அது லேப்டாப்பில் மாட்டியிருந்தால் முதலில் கழற்றி வை. மீதியைப் பிறகு படி.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிப்பதிவை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். டேட்டா பதிந்திருக்கும் தட்டு உள்ளே சுற்ற ஆரம்பிக்கிறது, வேகம் ஏறுகிறது, அப்புறம் ஒரே சீராக ஓடுகிறது. இடையில் லேசாக ஒரு 'கிர்ர்'. அது தட்டைப் படிக்கும் ஹெட் ஒதுங்கியிருந்த இடத்திலிருந்து கிளம்பித் தட்டுக்கு மேலே வரும் சத்தம். 'டிக், டிக், டிக்' என்று அடித்துவிட்டு அடங்கவில்லை. சுற்ற முடியாமல் 'பீப் பீப்' என்று முனகவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இனிமேல் கையே வைக்காதே என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன். கேட்டவரைக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைக்கும் கணக்குப் புத்தகம்தான் குழம்பியிருக்கிறது என்று தோன்றுகிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உன் அறைத்தோழன் கேட்டானாமே. 1982இல் சீகேட் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு கம்பெனியாக வந்தது. உலகத்து டிரைவ்களில் பெரும் பங்கு இந்தத் தீவிலிருந்து கப்பல் ஏறிய காலம் அது. ஜொகூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களோடு நானும் ஒருத்தியாக, டிரைவ் செய்யும் தூசி புகாத கிளீன்ரூமில் நின்றேன். தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, கண்ணில் மை கூடாது. ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரான் அளவுத் தூசி நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே கணக்கு. கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் எட்டு மணி நேரம். அன்றைக்குச் செய்த 40 மெகாபைட் டிரைவைத் தூக்கினால் கை வலிக்கும். நீ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவது 2 டெராபைட், அதைப் போல ஐம்பதாயிரம் மடங்கு. இப்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர். சிகரெட் புகையின் ஒரு துகள் அந்த இடைவெளிக்கு மலை.

ஆகவே மூடியைத் திறந்து பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். நம் மாடியில் இருக்கும் அக்கா ஒரு கடைக்காரரிடம் டிரைவைக் கொடுத்தார். அந்த ஆள் சீலிங் ஃபேனுக்குக் கீழே, கவுன்ட்டர் மேலேயே வைத்துத் திறந்து காட்டினாராம். அதற்குப் பிறகு டேட்டா மீட்கும் எந்த லேபிலும் அதைத் தொட மாட்டோம் என்றார்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று உன் நண்பன் சொன்னதையும் காதில் வாங்காதே. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். எடின்பரோ குளிரில் பையில் வைத்துத் தூக்கி வந்ததை ஹீட்டர் போட்ட அறையில் உடனே மாட்டுவதும் நல்லதில்லை. அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடு.

இனி நீ செய்ய வேண்டியது. கேபிளை மாற்று. உன் டிரைவில் இருப்பது அந்த அகலமான, இரட்டை வாய் யுஎஸ்பி 3 முனைதானே? அது சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது என்பதற்காக டேட்டா போகிறது என்று அர்த்தமில்லை; இரண்டுக்கும் கம்பி வேறு வேறு. ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் செருகாதே, லேப்டாப்பிலேயே நேராகச் செருகு. இந்த மாதிரிச் சின்ன டிரைவுக்கு வேறு அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி தரும் மின்சாரம்தான் சாப்பாடு. பழைய யுஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 என்றால் 900. மவுசும் கீபோர்டும் பங்குபோடும் ஹப்பில் மாட்டினால் பசியோடு கிடக்கும்.

அதற்குப் பிறகும் ஃபைல் தெரியாவிட்டால் விண்டோஸில் மாட்டியிருக்கும் டிரைவ்களைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அளவு. 1863 ஜிபி மாதிரி காட்டினால் (2 டெராபைட்டை விண்டோஸ் அப்படித்தான் எண்ணும், எங்கேயும் குறைந்துவிடவில்லை) டிரைவ் தன் பெயர் முகவரியை ஒழுங்காகச் சொல்கிறது. பக்கத்தில் 'ரா' (RAW) என்று போட்டிருந்தால் பயப்படாதே. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்திருக்கிறது, உள்ளே அத்தியாயங்கள் அப்படியே இருக்கின்றன, அவ்வளவுதான். அளவே காட்டாமல் இருந்தாலோ, 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டாலோ அத்தோடு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பெட்டி வரும். எத்தனை தடவை வந்தாலும் கேன்சல்தான். நல்ல பிள்ளை மாதிரி உதவ வரும் விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவி செக்டிஸ்க்கையும் இப்போது ஓட்டாதே. அது அந்த டிரைவிலேயே எழுதி எழுதிச் சரிசெய்யும். எழுதுவதற்கு முன்னால் நமக்கு நகல் வேண்டும்.

உயிர் இருப்பது அந்த நகலில்தான் தம்பி. பழுது பார்ப்பதெல்லாம் நகலில் நடக்கட்டும், அசலைத் தொட வேண்டாம். அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஒரு புது டிரைவ் வாங்கு. உன் அறைத்தோழன் கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே, பென்டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு போட்டுத் தருவான். அதில் நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் கிடைக்கும். முரண்டு பிடிக்கும் இடத்தில் மல்லுக்கட்டாமல் சுலபமாக வருவதை முதலில் அள்ளிவிட்டு, விட்டுப்போன இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கச் சொல், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிரைவுக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கட்டளையில் முதலில் வருவது பழைய டிரைவ், அடுத்தது புதியது. இதை மட்டும் என்டர் தட்டுவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து சரிபாருங்கள். இடம் மாறினால் வெற்று டிரைவை எடுத்து உன் டிரைவின் மேல் கொட்டிவிடும்.

ஓடும்போது பக்கத்திலேயே இரு. டிக் சத்தம் கேட்டாலோ வேகம் படுத்துவிட்டாலோ நிறுத்திவிடு.

நகல் முடிந்ததும் பழையதைத் துணியில் சுற்றி அலமாரியில் வை. நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலும் ஃபோல்டர்கள் பெயரோடு வந்துவிடும். வராவிட்டால் ஃபோட்டோரெக் என்று இன்னொன்று. அது பெயர் தெரியாமல் எண் போட்டு ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொட்டும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். எடுப்பதை இன்னொரு இடத்தில்தான் சேமிக்க வேண்டும், நகலிலேயே போட்டுவிடாதே.

உன் ஆய்வுக் கட்டுரைக்கு மேற்பார்வையாளரிடம் ஒரு பிரதி இருக்கிறது என்றாய், அது பிழைத்துக்கொள்ளும். தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் நேவல் பேஸில் வேலை பார்த்த கதையை நீ பதிவு செய்தாயே, 1971இல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய நாள்வரைக்கும், அதற்குத்தான் வேறு பிரதி இல்லை. ஆனாலும் முழுதாகத் தொலைந்ததாக நினைக்காதே. அந்த நாட்களில் நீ துண்டு துண்டாக குடும்ப குரூப்பில் போட்டது உன் அக்கா போனில் இன்னும் இருக்கிறது. இன்றைக்கே அதை என் லேப்டாப்பில் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பழைய போனும் இங்கேதான் இருக்கிறது, சார்ஜ் போட்டிருக்கிறேன்.

உன்னால் முடியாமல் போனால் லேபில் கொடுக்கலாம். சில நூறு வெள்ளியும் ஆகலாம், ஆயிரக்கணக்கிலும் போகலாம். கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேள்: சொந்தமாக கிளீன்ரூம் இருக்கிறதா, டேட்டா கிடைக்காவிட்டாலும் காசு வாங்குவார்களா, நம்மைக் கேட்காமல் திறப்பார்களா. 'அதே மாடல் சர்க்யூட் போர்டு மாற்றினால் போதும்' என்று பேச்சை ஆரம்பிப்பவரை விட்டு வந்துவிடு. அந்த டிரைவுக்கென்றே எழுதப்பட்ட அளவுகள் பெரும்பாலும் போர்டில் இருக்கும் சின்னச் சிப்புக்குள் இருக்கின்றன. அதையும் மாற்றி வைக்காமல் வெறும் போர்டு மாற்றினால் ஓடாது. உறையைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில போர்ட்டபிள் டிரைவ்களில் யுஎஸ்பி முனையை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், உள்ளே இருப்பதைப் பூட்டியும் வைத்திருப்பார்கள்.

புது டிரைவுக்குப் பணம் உன் இங்கத்திய கணக்கில் பேநவ் பண்ணிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கு என்று ஆரம்பித்துவிடுவார். புதன்கிழமை வகுப்பு இல்லை என்றாயே, அன்றைக்கு வைத்துக்கொள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போட்டோ எடுத்து முதலில் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்கப்புறம் உபுண்டு.

அன்புடன்
அம்மா