சவுண்டுன்னா சத்தம் மட்டும் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல பசங்களுக்காக தினமும் வர்ற ஆங்கில வார்த்தை பகுதியை எங்க வீட்டுல தவறாம படிக்கிறோம். எங்க தெருவுல டியூஷனுக்கு வர்ற பிள்ளைங்க அதை வெட்டி நோட்டுல ஒட்டி மனப்பாடம் பண்றாங்க, அதனாலதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. போன வாரம் சவுண்ட்ங்கிற வார்த்தையை எடுத்துக்கிட்டு "ஒலி, ஓசை, சத்தம்"னு மூணு அர்த்தம் போட்டு முடிச்சிட்டீங்க. அதே வாரத்துல உள்பக்கம் தும்பா ராக்கெட் தளத்தை பத்தி ஒரு நல்ல கட்டுரை, ஆனா அதுல மேல் வானத்தை அளக்க அனுப்புற சவுண்டிங் ராக்கெட்டை "ஒலி ராக்கெட்"னு போட்டிருந்தீங்க. ரெண்டுலயும் நடந்தது ஒரே தப்புதான். ஆங்கில அகராதியை திறந்து பாருங்க, சவுண்ட்ங்கிறது அங்க ஒரு வார்த்தை இல்ல, 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டு நாலு வார்த்தையா கொடுத்திருப்பாங்க. நாலுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஆனா வந்த வழி வேற வேற.

ராக்கெட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த சவுண்டிங்குக்கும் காதுல கேக்குறதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. பிரெஞ்சுல சோந்தேன்னா ஆழம் பாக்குறது, அங்க இருந்து ஆங்கிலத்துக்கு வந்த வார்த்தை இது. அந்த காலத்து கப்பல்ல ஈயக்குண்டு ஒண்ணை கயித்துல கட்டி கடல்ல இறக்குவாங்க, குண்டு தரையை தொட்டதும் கயிறு எவ்வளவு போச்சுன்னு பாத்து ஆழத்தை சொல்லுவாங்க, அதுக்குதான் சவுண்டிங்னு பேரு. அந்த கயித்துல ரெண்டாவது பாகத்துல (ஒரு பாகம்னா 6 அடி) தோல் வார் ரெண்டு, மூணாவதுல மூணு, அஞ்சுல வெள்ளை துணி, ஏழுல சிவப்பு துணின்னு கட்டியிருப்பாங்க, ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி துணியா இருக்கும், ஏன்னா ராத்திரி இருட்டுல நிறம் தெரியாது, விரலால தடவி பாத்தே எத்தனாவது அடையாளம்னு கண்டுபிடிக்கணும். குண்டோட அடிப்பக்கம் ஒரு குழி இருக்கும், அதுல மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குனா கீழ இருக்கிற மணலோ சேறோ சிப்பியோ அதுல ஒட்டிக்கிட்டு மேல வந்துடும், அதை வச்சு நங்கூரம் பிடிக்குமா பிடிக்காதான்னு முடிவு பண்ணுவாங்க. மிசிசிப்பி ஆத்து நீராவி படகுகள்ல ரெண்டு ஃபாதம், அதாவது 12 அடி தண்ணி இருந்தா "மார்க் ட்வைன்"னு கூவுவாங்க, படகுக்கு ஆபத்து இல்லைன்னு அர்த்தம். அந்த ஆத்துல படகு ஓட்டின சாமுவேல் கிளெமென்ஸ்தான் பின்னாடி அதையே புனைபெயரா வச்சுக்கிட்டு உலகப்புகழ் எழுத்தாளர் ஆனாரு. 1872ல இங்கிலாந்துல இருந்து கிளம்பின சேலஞ்சர் கப்பல் 1875 மார்ச் 23ஆம் தேதி மரியானா பள்ளத்து பக்கம் கயிறு இறக்கி 4,475 ஃபாதம் கண்டுச்சு, கிட்டத்தட்ட 8,200 மீட்டர், எல்லாம் வெறும் கயிறும் எடையும் வச்சு! இன்னைக்கும் கடலோட மிக ஆழமான இடத்துக்கு சேலஞ்சர் பேருதான்.

ஃபாதம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், 6 அடி. நம்ம கடற்கரையில பாகம்னு சொல்றோமே, அதேதான். "பத்து பாகத்துல வலை போட்டோம்"னு எங்க ஊர்ல பெரியவங்க சொல்றதை கேட்டு வளர்ந்தவங்க நாங்க, அதனால சவுண்டிங் ராக்கெட்டை ஒலி ராக்கெட்னு பாத்ததும் மனசு கேக்கல. கடலுக்கு கயிறு, வானத்துக்கு ராக்கெட், வேலை ஒண்ணுதான். பலூன் 30, 35 கிலோமீட்டர் வரைக்கும் போகும், அதுக்கு மேல வெடிச்சிடும். செயற்கைக்கோள் ரொம்ப தாழ்வா சுத்த முடியாது. நடுவுல இருக்கிற அந்த வானத்தை அளக்க சவுண்டிங் ராக்கெட்தான் வழி. தும்பாவை தேர்ந்தெடுத்ததுக்கு காரணமே அது பூமியோட காந்த நடுக்கோட்டு பக்கத்துல இருக்குங்கிறதுதான், அங்க 100 கிலோமீட்டர் சுமார் உயரத்துல ஒரு மின்னோட்டம் ஓடுது, அதை ஆராயணும். 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்க இருந்து முதல்ல போன நைக்கி அப்பாச்சி ராக்கெட் சோடியம் ஆவியை விட்டு மேல் காத்து எந்த பக்கம் அடிக்குதுன்னு காட்டுச்சு. இதுல ஒலி எங்க வருது? "ஆய்வு ராக்கெட்"னு தமிழ்ல ஏற்கனவே நல்ல பேரு புழக்கத்துல இருக்கு, அதையே போட்டிருக்கலாம். மீனம்பாக்கத்துலயும் காரைக்கால்லயும் வானிலை ஆபீஸ்காரங்க பலூன்ல கட்டி விடுற ரேடியோசோண்ட் கருவியில இருக்கிற சோண்டும் இந்த குடும்பம்தான்.

அதோட ஆங்கிலத்துல ஒருத்தரோட மனசுல என்ன இருக்குன்னு நேரா கேக்காம மெதுவா பேச்சு கொடுத்து பாக்குறதுக்கும் சவுண்ட் அவுட்னு சொல்லுவாங்க. நாம என்ன சொல்றோம்? "அவரை ஒரு தடவை ஆழம் பாத்துட்டு வா." எந்த மொழியில இருந்தும் கடன் வாங்காம தமிழ் தானா அதே வழியில யோசிச்சிருக்கு, பிள்ளைங்களுக்கு இதை சொன்னா ஒரு தடவையில பதிஞ்சிடும், ஒலி சத்தம்னு மட்டும் கொடுத்தா ஆளை சவுண்ட் அவுட் பண்றதுன்னா ஆளைப் பாத்து கத்துறதுன்னு எழுதி வைக்கும்.

அடுத்தது நல்லா இருக்கிற சவுண்ட். இது பழைய ஆங்கிலத்துல கெசுண்ட்னு இருந்தது, ஜெர்மன்ல இன்னைக்கும் ஆரோக்கியத்துக்கு அதே வார்த்தைதான். அங்க யாராவது தும்முனா "கெசுண்ட்ஹைட்"னு சொல்லுவாங்க, நம்ம வீட்டுல குழந்தை தும்முனா "நூறு"ன்னு சொல்ற மாதிரி. சவுண்ட் ஸ்லீப்னா இந்த சவுண்ட்தான், அசந்த தூக்கம், அதுல குறட்டை சத்தத்துக்கு வேலை இல்ல. சேஃப் அண்ட் சவுண்ட்னா உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம. இதை சாதாரணமா விட்டுடக்கூடாது, ஏன்னா சட்டத்துல இருக்கு. 1872 ஒப்பந்த சட்டம் 12ஆவது பிரிவு சவுண்ட் மைண்ட்னா என்னன்னு தனியா விளக்குது, 1925 வாரிசுரிமை சட்டம் 59ஆவது பிரிவுல உயில் எழுதறவர் சவுண்ட் மைண்டோட இருக்கணும்னு சொல்லுது, அரசியலமைப்பு சட்டத்துல எம்.பி. தகுதியிழப்புக்கு சொல்ற காரணங்கள்ல அன்சவுண்ட் மைண்டும் ஒண்ணு. நம்ம பத்திரங்கள்ல "சுயநினைவோடயும் நல்ல மனநிலையோடயும்"னு எழுதுறது இதுக்குதான். நாளைக்கு வக்கீல் ஆபீஸுக்கு வேலைக்கு போற பிள்ளைக்கு இந்த அர்த்தம் தெரியாம போனா கஷ்டம்.

மூணாவது நிலத்துக்கு நடுவுல நுழையுற கடல். வட ஐரோப்பாவுல பழைய நோர்ஸ் மொழியில சுண்ட்னா நீச்சல், குறுகலான கடல்னும் அர்த்தம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல இருக்கிற ஓரசுண்ட்ல மிகக் குறுகின இடம் சுமார் 4 கிலோமீட்டர்தான், அந்த வழியா போற கப்பல்கள்கிட்ட டென்மார்க் ராஜாக்கள் 1429ல இருந்து 1857 வரைக்கும் சுங்கம் வசூல் பண்ணாங்க. அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் இருக்கிற பியூஜெட் சவுண்டும் இந்த வகைதான், 1792ல கேப்டன் வான்கூவர் தன் கூட வந்த பீட்டர் பியூஜெட் பேரை வச்சாரு. காட் மீனோட காற்றுப்பைக்கும் ஆங்கிலத்துல சவுண்ட்னு ஒரு பேரு உண்டு, அதுவும் அந்த நீச்சல் சுண்ட்ல இருந்து வந்ததுதான்.

கடைசியில நீங்க போட்ட அந்த சத்தம். லத்தீன்ல சோனஸ், பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு "சூன்"னு வந்துச்சு, அப்போ கடைசியில டி எழுத்தே கிடையாது. பேசுறவங்க நாக்கு தானா ஒரு டி சேத்துக்கிச்சு, பதினாறாம் நூற்றாண்டுக்குள்ள எழுத்துலயும் அது நிலைச்சிடுச்சு. அந்த டி வந்ததாலதான் மத்த சவுண்டுகளோட இது போய் ஒண்ணா கலந்துச்சு. நாம நம்ம பங்குக்கு ஒரு உகரம் சேத்து சவுண்டு ஆக்கிட்டோம், சவுண்டு சர்வீஸ், சவுண்டு விடாதன்னு ஊர் பூரா புழங்குது. நமக்கு தெரிஞ்ச சவுண்டு இது ஒண்ணுதாங்கிறதால மத்த மூணையும் இதுக்குள்ளயே திணிச்சிடுறோம்.

இதுக்கு வழியை நாம வெளியில தேட வேண்டியதே இல்லைங்க. தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லை ரெண்டா பிரிக்குது. வினை வந்தா எதுன்னு தெரிஞ்சிடுறது ஒண்ணு, வினை வந்தும் தெரியாதது இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்களே, மா பூத்ததுன்னா மரம், மா ஓடியதுன்னா விலங்கு, மா வீழ்ந்ததுன்னா ரெண்டுல எதுவும் இருக்கலாம், அப்போ மாமரம் வீழ்ந்ததுன்னு விவரமா சொல்லணும். சவுண்டுக்கும் இதே கணக்குதான். பக்கத்துல தூக்கம் இருந்தா எது, மனசு இருந்தா எது, ராக்கெட் இருந்தா எதுன்னு கூட இருக்கிற சொல்லே சொல்லிடும். எக்கோ சவுண்டர் மட்டும் மா வீழ்ந்தது வகை. படகுல இருந்து ஒலியை கீழ அனுப்பி அது தரையில பட்டு திரும்பி வர்ற நேரத்தை கணக்கு பண்ணும், கடல்ல ஒலி வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும், அதனால ஒரு வினாடியில திரும்பி வந்தா ஆழம் 750 மீட்டர். ஒலியும் இருக்கு ஆழமும் இருக்கு, ஆனா பேர்ல இருக்கிற சவுண்டர் ஆழம் பாக்குற சவுண்டர்தான், ஒலியை அந்த எக்கோ சொல்லிடுச்சு.

அதனால கேட்டுக்கிறது என்னன்னா, இந்த மாதிரி வார்த்தை வர்ற அன்னைக்கு அர்த்தத்தை வரிசையா அடுக்காம வேர் வாரியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கூட வர்ற சொல்லோட ஒரு வாக்கியம் போடுங்க, இடம் பத்தலைன்னா ரெண்டு நாளா போடுங்க. அடுத்து பவுண்டை எடுங்கன்னு சொல்லுவேன். எடை பவுண்ட் லத்தீன்ல இருந்து வந்தது. மேயுற மாட்டை பிடிச்சு அடைக்கிற பவுண்ட் வேற வார்த்தை. உரல்ல போட்டு இடிக்கிற பவுண்ட் இன்னும் வேற, அதுக்கும் சவுண்ட் மாதிரியே டி பின்னாடி வந்து ஒட்டினதுதான். நகைக்கடையில பவுன் என்ன விலைன்னு கேக்குறோமே, அந்த பவுன் இதுல முதல் பவுண்டோட பிள்ளை, அதையும் சேத்து போட்டீங்கன்னா பிள்ளைங்களோட அம்மாக்களும் படிப்பாங்க.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட கடற்கரை வாசகர்