பழைய காரைச் சோதித்துப் பார்த்துக் கட்டணம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். அதையொட்டி வந்த வாசகர் கடிதம் ஒன்று, பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஊர்க் காற்றைக் கெடுக்கிறவர்கள், அவர்களுக்கு இந்தக் கட்டணமும் போதாது என்று சொல்லியிருந்தது. என்னிடம் இருப்பது 1999 ஏப்ரலில் பதிவான மாருதி 800. அதை வாங்கியதையும் சரிசெய்ததையும் சொன்னால்தான் என் மனக்குறை விளங்கும். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தவில் வாசிக்கிறவன். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமம். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் கையில் தவில் கழியைக் கொடுப்பார்கள். என் அத்தான் நாதஸ்வரம், தம்பி மகன் இன்னொரு தவில், தாளத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் ஒரு பையன். ஆக நால்வர்.

நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம் என்றால் மூன்றரை மணிக்கெல்லாம் மண்டப வாசலில் மேளச் சத்தம் கேட்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்தப் பஸ்ஸும் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. முந்தைய இரவே கடைசிப் பஸ்ஸில் போனால் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பாயில் கிடந்துவிட்டு, கண் எரிய எரிய வாசிக்க வேண்டியதுதான். ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்கு அப்படிப் போனபோது, பஸ்ஸில் தவிலை வைக்க வேறு இடம் கிடைக்காமல் படிக்கட்டு ஓரத்தில் நிறுத்தினேன். சாரல் அடித்து, தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் தோல் தொய்ந்துவிட்டது. அன்று மாங்கல்யதாரணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியபோது எழுந்த மொத்தை ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. வாடகைக் கார் பிடித்தால் போக வர 2,200 ரூபாய் கேட்டார்கள். எங்களில் ஒருவருடைய பங்கு அதிலேயே போய்விடும்.

2022-இல், நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு 800 விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு போனேன். மலிவான பழைய கார் வாங்க நினைக்கும் யாரும் அவர் பார்த்த பார்வையைத் தெரிந்துகொள்வது நல்லது. இறங்கியதும் அவர் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். குளிர்ந்துதான் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போல வெளுத்த படிவு இருக்கிறதா என்று பார்த்தார். இந்த இரண்டும் இல்லையென்றால், இன்ஜினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் பிழைத்திருக்கிறது என்று நம்பலாமாம். பிறகு பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவுகளின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொண்டே போனார். இரண்டு இடங்களில் காந்தம் ஒட்டாமல் நழுவியது. துரு தின்ற இடத்தில் பட்டி என்ற பசையை அடைத்துப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஓட்டுநர் காலடி மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபோது அது தகட்டுக்குள் இறங்கிவிட்டது. வெளிச்சம் தெரிந்தது.

கடலோரத்துக் கார் என்றால் அப்படித்தான், உப்புக் காற்று அடியிலிருந்து தின்னும். நான் திரும்பிவிடலாம் என்றேன். அவர் முன்சக்கர ஷாக் அப்சார்பர் உட்காரும் இடங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, இங்கே துரு இருந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது, தரைத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம் அண்ணே என்றார். ஆர்.சி.யில் இருந்த பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றாக இருந்தன, கடன் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. 42,000 ரூபாய்க்கு முடித்தோம்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் கார் பட்டறையில் நின்றது. தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். டிங்கர் வேலைக்கு மட்டும் 9,500 ரூபாய். நான்கு டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய்கள். பின்சக்கர டிரம்மைக் கழற்றியபோது வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ முழுவதும் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. அதே நிலையில்தான் அந்தக் காரை நாகப்பட்டினத்திலிருந்து ஓட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது. மொத்தச் செலவு 35,600. உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் இது. ஆம்னி வேனிலும் இதே 796 சிசி இன்ஜின்தான் என்பதால் கும்பகோணத்துக் கடைகளில் இன்றும் பாகம் கிடைக்கிறது.

இவ்வளவு செய்தும் மைலேஜ் லிட்டருக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஒருநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் ஊர் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் தெரியும். இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அதை உணர்ந்தேன். மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். மூன்றும் சம இடைவெளியில் வெடிக்கின்றன. என் காதுக்கு அது மூன்றாம் காலத்தில், அதாவது துரித வேகத்தில், மூன்று மூன்று எழுத்தாக ஓடும் திஸ்ர நடை: தகிட தகிட தகிட. அன்று அதில் ஒரு எழுத்து விழுந்து விழுந்து வந்தது. தகி, தகி, தகிட, தகி. நடை நொண்டியது. மறுநாள் மெக்கானிக்கிடம் போய், மூன்றில் ஒன்று சரியாகப் பேசவில்லை தம்பி என்றேன். அவர் ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை. ஒயர் உள்ளே வெடித்திருந்தது, பிளக் கரி படிந்து கறுத்திருந்தது. கூடவே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்தபோது, சோக் கம்பி துருப்பிடித்து, அதன் தகடு பாதி மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாக எரிந்து வந்திருக்கிறது. அவர் ஜெட்டுகளைக் கழுவி, ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜின் நிதானமாக ஓடும் வேகத்தைத் திருத்தினார். அவர் திருகைத் திருப்பத் திருப்ப நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தகிட என்று மூன்று எழுத்தும் நிறைந்து விழுந்த இடத்தில் போதும் என்றேன்.

அதற்கு முன்பும் பின்பும் எடுத்த புகைச் சான்றிதழ்கள் இரண்டும் என் முன்னால் இருக்கின்றன. முதல் தடவை கார்பன் மோனாக்சைடு 4.2 விழுக்காடு, தேறவில்லை. இந்த வயதுக் காருக்கு வரம்பு 3. வேலை முடிந்த பிறகு 1.1. அதே கார், அதே வயது. மைலேஜ் 18-க்கு வந்தது. டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் போட்ட கணக்கு இது. எண்பது கிலோமீட்டர் போய்வர ஐந்து லிட்டர்கூட ஆவதில்லை. ஒரு தவில் டிக்கியில், இன்னொன்று பின்இருக்கையில் இருவருக்கும் நடுவில். ஐப்பசி மழை என்றாலும் தோல் நனைவதில்லை.

காற்றைக் கெடுக்கிறார்கள் என்று எழுதிய வாசகருக்கு இதையும் ஒப்புக்கொள்கிறேன். பி.எஸ்.4 என்ற பிந்தைய புகை விதிப்படி வந்த காருக்கு வரம்பு 0.3 விழுக்காடுதான். என் கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த அளவுக்கு வராது. ஆனால் 4.2-இல் ஓடுகிற காரும் 1.1-இல் ஓடுகிற காரும் ஒன்றாகிவிடுமா? கட்டணம் கேட்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கிறார்கள்.

2024-இல் பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காரைக் காட்டப் போனேன். 2022 மார்ச் வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது. கட்டினேன். அதைப் பற்றிக்கூட எனக்கு வருத்தமில்லை. காரைப் பார்த்த விதம்தான் வருத்தம். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார்கள். விளக்குகளைப் போட்டு அணைக்கச் சொன்னார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். முடிந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை, பிரேக் மிதித்துப் பார்க்கவில்லை, அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. ஓட்டைத் தரையோடும் எண்ணெயில் ஊறிய பிரேக்கோடும் கொண்டுபோயிருந்தாலும் அன்று என் கார் தேறியிருக்கும். 2019-இல் முந்தைய உரிமையாளர் புதுப்பித்தபோது அப்படித்தானே தேறியிருக்க வேண்டும்? அந்தத் துரு இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த துரு அல்ல.

2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி, 2029-இல் நான் 10,000 கட்ட வேண்டும். காரை வாங்கிய விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இருபது ஆண்டு தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு 2,000. எங்கள் பக்கத்தில் உரமூட்டையும் பால்கேனும் பழைய மொபெட்டுகளில்தான் போகின்றன. அவற்றில் பலவற்றை விற்றால் அந்த 2,000-க்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பழைய வண்டியை மக்கள் தாமாகவே கைவிடட்டும் என்பதுதான் நோக்கம் என்கிறார்கள். கைவிட்டால் நாங்கள் மின்சாரக் காருக்கா போவோம்? தவிலை முதுகில் கட்டிக்கொண்டு நடு இரவில் பைக்கில் மூவராகப் போவோம். அல்லது, இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது, பதிவைப் புதுப்பிக்காமலே ஓட்டத் தொடங்குவார்கள். பதிவு இல்லாத வண்டி அடித்துவிட்டால், அடிபட்டவர் இழப்பீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும்?

நான் கேட்பது கட்டண விலக்கு அன்று. சரக்கு லாரிகளையும் வாடகைக்கு ஓடும் பயணியர் வாகனங்களையும் தானியங்கி நிலையங்களில் சோதிக்க ஒன்றிய அரசு விதி வகுத்திருக்கிறது. அங்கே உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாக அளக்கிறார்கள். எங்கள் பழைய கார்களையும் அதில் ஏற்றுங்கள். அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். புகையை அளந்து பாருங்கள். அதற்கு ஆகும் செலவைக் கேளுங்கள், கொடுக்கிறோம். தேறாத வண்டியைப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு சாலையில் விடாதீர்கள், நிறுத்துங்கள். வரம்புக்குள் நன்றாக நிற்கிற வண்டிக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். அப்படிச் செய்தால், எங்கள் ஊரில் நான் அறிந்த பத்துப் பேராவது அந்தப் பணத்தைப் பிரேக்குக்கும் கார்புரேட்டருக்கும் செலவிடுவார்கள்.

இன்னொன்று. இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். என் நோட்டுக் கணக்கில் மைலேஜ் 18-லிருந்து 17-க்கு இறங்கியிருக்கிறது. எத்தனாலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, நீரையும் இழுக்கும் என்று மெக்கானிக் சொன்னதால் பெட்ரோல் குழாய்களை மறுபடியும் மாற்றினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல், வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிடுங்கள்.

வாங்கிய நாளிலிருந்து எடுத்த ஏழு புகைச் சான்றிதழ்களும், பட்டறை ரசீதுகளும், மைலேஜ் எழுதிய நோட்டும் என்னிடம் இருக்கின்றன. போக்குவரத்துத் துறையிலிருந்து யார் கேட்டாலும் நகல் எடுத்து அனுப்புகிறேன். காரையே பார்க்க வேண்டுமென்றாலும் கொண்டுவருகிறேன். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வந்துவிடும், அதற்கு முன்னால் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
தவில் கலைஞர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.